தனித்தனியே கடன்பட்டால் தனித்தனியே அழிவோம்

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வரும் ஜொகூர்ப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அப்பன் தோட்டத்தில், மகன் சிங்கப்பூரில். சம்பளத்தில் பாதி வீட்டுக்கு, மீதி வட்டிக்கு. "ஆத்திர அவசரத்துக்கு வட்டிக்காரன்தானேண்ணே தர்றான்?" என்று நம்மிடமே கேட்கிறார்கள். சரி, ஊருக்கே ஆபத்து வந்தபோது கடன் கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

1929இல் ராத்தலுக்குச் சராசரி 34 காசு விற்ற ரப்பர், 1932 ஜூனில் 5 காசுக்கும் கீழே விழுந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்து கடன் கொடுத்த செட்டியார்களுக்குப் பணம் திரும்பவில்லை. ஆனால் கையில் பத்திரம் இருந்தது. அடமானம் வைத்த தோட்டமும் வீடும் அவர்களிடம் வந்து சேர்ந்தன. பர்மாவில் இன்னும் பெரிய கூத்து. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையிலிருந்த நிலம் 6 விழுக்காடு. 1937இல் 25 விழுக்காடு. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அந்த நிலத்தை விட்டுவிட்டு ஓடவேண்டி வந்தது வேறு கதை.

சிங்கப்பூரில் சீனர்களின் மூன்று வங்கிகள், தனித்தனியே நின்றால் தாங்க மாட்டோம் என்று கண்டு, 1932இல் ஒன்றாய்ச் சேர்ந்து ஓசிபிசி வங்கியாயின.

நம் பாட்டன் பூட்டன் என்ன ஆனார்கள்? சம்பளம் வெட்டப்பட்டது. வேலை போனது. பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சோடு கப்பலேற்றப்பட்டார்கள். பணக்காரன் கூட்டுச் சேர்ந்தான். பால்மரம் வெட்டியவன் தனியாய்ப் போனான்.

இந்தப் பாடத்தை நாம் ஒரு தடவை படித்தோம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று, வாங்கினவர்கள் துண்டு போட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாய்ச் சேர்த்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமே வாங்கப்பட்டது. கூலி வாங்கின கை, தோட்டம் வாங்கின கையாயிற்று!

பிறகு மறந்துவிட்டோம். 2020 மார்ச் 18ஆம் தேதி ஜொகூர்ப் பாலம் அடைபட்டது. ஏப்ரல் 7 முதல் சிராங்கூன் சாலையில் பெரும்பாலான கடைகள் மூடின. வங்கிகள் தவணை கேட்பதைத் தள்ளி வைத்தன. மலேசியாவில் ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு அவகாசம் கிடைத்தது. தள்ளி வைத்ததே தவிர தள்ளுபடி அல்ல. அந்த அவகாசம்கூட வங்கியில் கடன் வாங்கியவனுக்குத்தான். ஆலோங்கிடம் வாங்கியவனுக்கு எந்தச் சர்க்கார் அவகாசம் கொடுக்கும்?

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்கக்கூடாது. தவணை தவறினால் மாதத்துக்கு 60 வெள்ளிக்கு மேல் தாமதக் கட்டணம் கூடாது. வட்டியும் கட்டணமும் எல்லாம் சேர்ந்து, வாங்கிய அசலைத் தாண்டக்கூடாது. பாஸ்போர்ட்டையும் வேலை பெர்மிட்டையும் ஏடிஎம் கார்டையும் பிடித்து வைக்கவே கூடாது. கைப்பேசியில் செய்தி அனுப்பிக் கடன் தருகிறேன் என்று கூப்பிடுகிறவனை நம்பவே நம்பாதீர்கள்; உரிமம் உள்ளவருக்கு அப்படிக் கூப்பிட அனுமதி கிடையாது.

சட்டம் மட்டும் போதாது. மாரியம்மன் திருவிழாவுக்கு லயத்துக்கு லயம் வசூலித்துக் கணக்கைக் கோயிலில் ஒட்டுகிறோமே, அந்த ஒழுங்கு நமக்குத் தெரியாததா? தோட்டத்துக்கு ஒரு கூட்டுறவுச் சேமிப்பு, முறையாய்ப் பதிந்து, வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி நடத்துவோம். விலை நன்றாக இருக்கும்போதே தொடங்கவேண்டும். வெள்ளம் வந்தபின் வரப்புக் கட்ட முடியாது.