மாணவருக்கு விலைக்கழிவு: இலாபம் யாருக்கு?

பெருங் கொம்பனி ஒன்று தன் பொருளின் விலையைத் தானாகவே குறைக்குமாயின், அக்குறைப்பினால் இறுதியில் பயனடைபவர் யார் என்று கேட்பது மக்கள் பக்கம் நிற்போரின் முதற் கடமையாகும். ஆயினும் மாணவருக்கென்று அறிவிக்கப்படும் சலுகைகளைப் பொறுத்தவரை இக்கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. 'மாணவர்' என்ற சொல்லைக் கேட்டதும் எமது மனம் இளகுகிறது. இளகிய மனம் கணக்குப் பார்ப்பதில்லை. கணனியை இயக்கும் பணிசெயல் முறைமை மாணவருக்குக் கழிவு விலையில் விற்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கை நாம் பார்த்துவிடுவோம்.

2009 ஒக்டோபர் 22 ஆம் திகதி மைக்ரோசொவ்ற் கொம்பனி 'வின்டோஸ் 7' என்ற முறைமையைச் சந்தைக்கு விட்டது. பழைய வின்டோஸ் வைத்திருப்போர் அதன் வீட்டுப் பதிப்புக்கு மாறுவதற்கு ஐக்கிய அமெரிக்காவில் விதிக்கப்பட்ட விலை 119.99 டொலர். கல்லூரி மாணவருக்கோ 29.99 டொலர். மாணவர் என்பதற்குச் சான்றாகக் கேட்கப்பட்டது, கல்லூரி வழங்கிய மின்னஞ்சல் முகவரி. 2010 சனவரி 3 ஆம் திகதியுடன் சலுகை முடிவடைந்தது. நான்கில் ஒரு பங்கு விலை! கொடையென்று பலரும் கொண்டாடினர்.

அம்மாணவர் வாங்கியது யாது? முறைமை அவருக்குச் சொந்தமாகவில்லை. மென்பொருள் விற்கப்படவில்லை, அதனைப் பயன்படுத்தும் உரிமமே வழங்கப்படுகிறது என்று கொம்பனியின் உடன்படிக்கையே கூறுகின்றது. அவ்வுரிமமும் ஏற்கனவே அக்கொம்பனியின் முறைமைக்கு விலை செலுத்தியவருக்கே செல்லும். ஆகவே புதியவர் எவருக்கும் இங்கே கதவு திறக்கப்படவில்லை. உள்ளே இருந்தவர் வெளியேறாதபடி காக்கப்பட்டார்.

நிறுவுகின்ற வேலையோ முழுவதும் மாணவரின் தலையில் விழுந்தது. 'எக்ஸ்பி' வைத்திருந்தவர் பழையதன்மேல் புதியதை ஏற்ற இயலாது. கோப்புகளைப் பிறிதோர் இடத்தில் சேமித்து, புதிய முறைமையைத் தொடக்கத்திலிருந்து நிறுவி, தாம் பயன்படுத்திய மென்பொருள் ஒவ்வொன்றையும் மீண்டும் ஏற்றல் வேண்டும். 32 பிட் 'விஸ்ரா'விலிருந்து 64 பிட் பதிப்புக்கு மாற விரும்பியவரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இணையத்தின்வழி அவர் இறக்கிக்கொண்ட நிறுவற் கோப்பு 64 பிட் கணனிக்கென எழுதப்பட்டது. அவரது பழைய முறைமையில் அது இயங்க மறுத்தது. பணத்தைச் செலுத்தியபின், கற்கை நாள்களின் நடுவே, அக்கோப்புகளிலிருந்து கணனியைத் தொடக்கவல்ல வட்டொன்றை ஆக்கும் வித்தையை மாணவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே கரையேறினர். கொம்பனி ஊழியர் செய்யவேண்டிய வேலையை ஊதியமின்றிச் செய்தவரும் மாணவரே.

இனி, விலை ஏன் குறைக்கப்பட்டது என்பதைக் காண்போம். நெல்லை விற்பவன் ஒரு மூடையைக் கொடுத்தால் அவனிடம் ஒரு மூடை குறையும். மென்பொருளின் தன்மை அதுவன்று. ஒருமுறை எழுதி முடித்த பின்னர், அதன் பிரதி ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு மிக அற்பம். எனவே 29.99 டொலருக்கு விற்ற கொம்பனி தன் கையிலிருந்து எதனையும் இழக்கவில்லை. வருங்கால வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டது.

இது எமது கற்பனையன்று. அக்கொம்பனியின் தாபகருள் ஒருவரான பில் கேற்ஸ், 1976 இல் கணனி ஆர்வலருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், மென்பொருளை விலைகொடாது பிரதி செய்வோரைத் திருடர் என்று சாடினார். அவரே 1998 இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவரிடையே சீனாவைப் பற்றிப் பேசுகையில், திருடத்தான் போகிறார்களாயின் எமது பொருளையே திருடட்டும், பழக்கத்துக்கு அடிமையான பின் பணத்தை வசூலிக்கும் வழியைக் கண்டுகொள்வோம் என்ற கருத்தை வெளியிட்டார். முதலில் பழக்கம், பின்பு வசூல். மாணவருக்கான கழிவு விலையின் தத்துவமும் இதுவே.

வசூல் எவ்வாறு நடந்தேறியது என்பதையும் வரலாறு காட்டுகின்றது. 2015 யூலை 29 முதல் ஓராண்டு காலம் 'வின்டோஸ் 10' இற்கு மாறுவது பழைய பாவனையாளருக்கு இலவசமாக்கப்பட்டது. விலையென்பது ஆக்கச் செலவைப் பொறுத்ததன்று, கொம்பனியின் வசதியைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? 2020 சனவரி 14 இல் 'வின்டோஸ் 7' இற்கான பாதுகாப்பு நிறுத்தப்பட்டது. 2021 இல் வந்த 'வின்டோஸ் 11', குறித்த பாதுகாப்புச் சில்லு இல்லாத கணனிகளைத் தகுதியற்றவை என ஒதுக்கியது. 2025 ஒக்டோபர் 14 இல் 'வின்டோஸ் 10' உம் கைவிடப்பட்டது. பாதுகாப்பை மேலும் ஓராண்டு பெற விரும்பும் வீட்டுப் பாவனையாளருக்கு விலை 30 டொலர் என்றனர். தம் கணனியின் அமைப்புகளைக் கொம்பனியின் களஞ்சியத்தில் ஏற்றிவைக்க இசைந்தோருக்கு அத்தொகை வேண்டாம் என்றும் கூறினர். 2009 இல் மாணவருக்குப் புதிய முறைமையே கிடைத்த விலைக்கு, இப்போது பழைய முறைமையின் ஓராண்டுப் பாதுகாப்பு!

ஏழை மாணவர் தொண்ணூறு டொலரை மீதப்படுத்தியது குற்றமா என்று சிலர் எம்மைக் கேட்கக்கூடும். குற்றமன்று. பசித்தவர் மலிவான கடையை நாடுவதைக் குறை கூறும் உரிமை எவருக்கும் இல்லை. எமது குற்றச்சாட்டு கல்வி நிலையங்களைப் பற்றியது. பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயர், ஒரு கொம்பனியின் வாடிக்கையாளரை இனங்காட்டும் முத்திரையாகப் பயன்படுவதை அவை ஏன் வாளாவிருந்து பார்த்தன? தொழில் தேடுவோருக்கு வின்டோஸ் அறிவு தேவை என்பர். வேலைத்தலத்தில் அது பரவியதற்கு வகுப்பறையில் அது மட்டுமே பழக்கப்பட்டமையும் ஒரு காரணம் என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர்.

வேறு வழியே இல்லையா? உண்டு. எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய முறைமையொன்றை ஆக்கும் முயற்சியை ரிச்சார்ட் ஸ்ரோல்மன் 1983 இல் அறிவித்தார். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் ரோவால்ட்ஸ், லினக்ஸ் கருவை எழுதி உலகின்முன் வைத்தார். மாணவர் என்போர் கழிவு விலைக்குக் கைநீட்டுவோர் மட்டுமல்லர், முறைமையையே ஆக்கவல்லோர் என்பதை இது மெய்ப்பித்தது. கேரளத்தின் அரச பாடசாலைகள் இவ்வழியைத் தேர்ந்து கற்பிக்கின்றன. எமது நாட்டிலும், 2004 திசெம்பர் ஆழிப்பேரலையின் பின், நிவாரணப் பணிகளை ஒழுங்குசெய்ய 'சஹானா' என்ற மென்பொருளை இலங்கைத் தொண்டர்கள் ஆக்கினர். திறந்த மூலமாக இருந்தமையால் அது பிற நாடுகளின் இடர்களிலும் உதவிற்று.

எனவே நாம் வேண்டுவது இன்னும் மலிவான உரிமத்தை அன்று. பணிசெயல் முறைமை என்றால் என்ன, அது எவ்வாறு இயங்குகின்றது என்பதை எமது பாடசாலைகள் கற்பித்தல் வேண்டும். ஒரு கொம்பனியின் பொத்தான்களை அழுத்தும் பயிற்சியைக் கல்வியெனக் கொள்ளலாகாது. ஒவ்வொரு கணனிக் கூடத்திலும் திறந்த மூல முறைமையொன்று மாணவர் கைபடும் இடத்தில் இருத்தல் வேண்டும். கழிவு விலை அறிவித்தலைக் கொண்டுவருவோரிடம், அடுத்த பதிப்பின் விலை என்ன, இப்பதிப்பு எந்நாள் கைவிடப்படும் என்ற இரு வினாக்களை அதிபர்களும் ஆசிரியர்களும் கேட்டல் வேண்டும். விடை எழுத்தில் கிடைக்கும்வரை, பாடசாலையின் பெயரை அவர்களுக்கு இரவல் கொடுக்க நாம் உடன்படலாகாது.