அனுமதியா, பாத்தியதையா?

நெய்யாற்றின்கரை நகராட்சியோடும் பாறசாலை ஊராட்சியோடும் மனைப்பிரிவு போடுவோர் செய்யும் வழி ஒப்பந்தங்களின் சட்டப் பரிசீலனை, பாதையின் அகலத்தையும் சர்வே எண்ணையும் பார்ப்பதோடு முடிவதன்று. ஒற்றைச் சொல்லில் ஒரு தெருவே போய்விடக்கூடும்.

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, வழிநடைப் பாத்தியதை நிலத்தோடு பிணைந்தது. மனை கைமாறினால் உடன்செல்லும். அனுமதியோ, சில விதிவிலக்குகள் நீங்கலாக, கொடுத்தவரே திரும்பப் பெறக்கூடியது. உரிமையெனத் தடையின்றி 20 ஆண்டுகள் நடந்தவருக்குப் பாத்தியதை பிறக்கும். அனுமதியின்பேரில் நடந்தவருக்கு 60 ஆண்டுகளானாலும் பிறக்காது. ‘பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றுதானே’ என்பார்க்கு நீதிமன்றத்தில் இடமில்லை.

எல்லைச் சிற்றூர்களில் வீட்டுமொழி தமிழாகவும் பத்திரமொழி மலையாளமாகவும் இருப்போர் உண்டு. மாவட்டத்தில் வழங்காத, பதிவு அலுவலருக்குப் புரியாத மொழியில் பத்திரம் வந்தால், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 19-ஆம் பிரிவு மொழிபெயர்ப்பைக் கேட்கிறது. கையொப்பமிடுபவருக்குப் புரிந்ததா என்று அப்பிரிவு கேட்பதில்லை. அலுவலருக்குள்ள காப்பு நிலத்துக்கு உரியவருக்கு ஏன் இல்லை?

தரப்படுவது அனுமதியா, பாத்தியதையா என்பதை இரு மொழியிலும் எழுதாத ஒப்பந்தத்துக்கு உள்ளாட்சிகள் ஒப்புதல் தரலாகாது. எல்லைத் தமிழின் ஒலிமாற்றங்களை எண்ணி எண்ணி ஆய்வேடு எழுதும் துறைகள், அத்தமிழர் கையொப்பமிடும் பத்திரத்தையும் தரவாகக் கொள்ளட்டும்.