மீன் குளமும் செப்டிக் டேங்க்கும் ஒன்றல்ல

நான்காம் படிவ மாணவி ஒருவர் அறிவியல் திட்டப்பணிக்கு ஒரு யோசனையோடு வந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் கோய் மீன் குளம் இருக்கிறது. அதன் பக்கத்தில் அவருடைய அப்பா சிறு கற்களை நிரப்பி, கல்வாழையும் பாண்டானும் நட்டு, ஒரு சதுப்பு வடிகட்டி கட்டியிருக்கிறார். குளத்து நீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டதாம்.

"டீச்சர், மீன் கழிவை இப்படிச் சுத்தம் செய்ய முடியும்னா, எங்க வீட்டு செப்டிக் டேங்க் தண்ணியையும் இதிலேயே விட்டா என்ன? லோரியைக் கூப்பிடவே வேண்டாமே!"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நைட்ரஜன் சுழற்சியை அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் மத்தியில், அதை வீட்டுக் கொல்லையில் தேடிப் பார்த்த ஒரே பிள்ளை அவர்தான். ஆனாலும் பதில், "கூடாது". ஏன் என்று விளக்க எனக்கு இரண்டு பாடவேளை ஆயிற்று.

சதுப்பு வடிகட்டியில் நடப்பது இதுதான். மீன்கள் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. பம்ப் அந்த நீரைக் கற்படுகையின் அடிக்குத் தள்ளுகிறது. துளையிட்ட குழாய்களிலிருந்து நீர் மெதுவாக மேலேறும்போது, கற்களின் மேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. நைட்ரேட்டைச் செடியின் வேர் உறிஞ்சிக்கொள்கிறது. இந்த வேலைக்கு உயிர்வளி கட்டாயம் வேண்டும். பம்ப்பை நீண்ட நேரம் நிறுத்தினால் அந்த பாக்டீரியா மூச்சு முட்டிச் சாகத் தொடங்கும்.

செப்டிக் டேங்க் இதற்கு நேர் எதிர். 'செப்டிக்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு அழுகுதல் என்று பொருள். பிரான்ஸ் நாட்டு மூரா என்பவர் இப்படி ஒரு மூடிய தொட்டியைக் கட்டி 1881-இல் காப்புரிமை பெற்றார். கனமானவை அடியில் சேறாகத் தங்கும்; எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கும்; நடுவில் உள்ள நீர் வெளியேறும். உள்ளே உயிர்வளி கிடையாது. உயிர்வளி இல்லாமல் வாழும் பாக்டீரியா திடக்கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரித்து மீத்தேன், கார்பன் டைஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய வாயுக்களை விடுகிறது. ஆனால் அமோனியா அமோனியாவாகவே நிற்கிறது. சிறுநீரிலுள்ள யூரியாவும் அங்கே அமோனியாவாகத்தான் மாறுகிறது. அதை நைட்ரேட்டாக்கும் ஆள் அந்தத் தொட்டிக்குள் இல்லை.

ஆக, செப்டிக் டேங்க் பாதி வேலையைத்தான் செய்கிறது. பல நாடுகளில் மீதிப் பாதியை மண் செய்கிறது. தொட்டி நீர் பூமிக்கடியில் புதைத்த குழாய்கள் வழியாகப் பரந்த நிலத்தில் கசிந்து, காற்றோட்டமுள்ள மண்ணில் சுத்தமாகிறது. நம் தாமான் வரிசை வீடுகளில் அப்படி நிலம் ஏது? பழைய வீடுகள் பலவற்றில் அந்த நீர் நேராக லோங்காங்கில் விழுந்து ஆற்றுக்குப் போகிறது. என் கவலையே இதுதான். தொட்டி செய்யாத பாதி வேலையை, யாரையும் கேட்காமல் ஆற்றின் தலையில் கட்டியிருக்கிறோம்.

சரி, அந்த மீதியைக் கொல்லைக் கற்படுகை செய்யட்டுமே என்பதுதான் மாணவியின் வாதம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். குளத்துக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தீனி. அதில் 40 விழுக்காடு புரதம் என்றால் 40 கிராம். புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். அதாவது ஏறக்குறைய 6 கிராம். வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாளில் வெளியேற்றும் நைட்ரஜனே 10 கிராமுக்கு மேல் வரும். ஐந்து பேர் உள்ள வீடென்றால் 50 கிராம். குளத்தைப் போல் எட்டு மடங்கு!

அதோடு நின்றாலும் பரவாயில்லை. தொட்டி நீரில் கரைந்தும் மிதந்தும் வரும் கரிமப் பொருள் கற்களின் இடுக்கை அடைத்துவிடும். அதைத் தின்னும் பாக்டீரியா இருக்கிற உயிர்வளியை முதலில் பிடுங்கிக்கொள்ளும். அமோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்கு மிச்சம் இருக்காது. மறுநாள் கோய் மீன்கள் மிதக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதக் கழிவில் டைஃபாய்டு, காலரா, ஹெப்பாடைட்டிஸ் ஏ கிருமிகள் இருக்கலாம். தம்பி தங்கைகள் கைவிட்டு விளையாடும் நீர் அது. ஓரத்தில் கங்கோங் வேறு நட்டிருக்கிறார்களாம்!

தாவரங்களைக் கொண்டு நீரைச் சுத்தம் செய்வது வீண் என்று நான் சொல்லவில்லை. புத்ராஜெயா ஏரிக்கு வரும் ஆற்று நீரை, மனிதர் உருவாக்கிய சதுப்பு நிலத்தின் 24 பகுதிகள் வடிகட்டி அனுப்புகின்றன. செப்டிக் டேங்க் நீருக்கும் கற்படுகைச் சதுப்புகள் உண்டு. அவை பொறியாளர் அளவு பார்த்து வடிவமைப்பவை. மீன் குளத்தோடு சேராதவை. அவற்றில் நீர் கற்களுக்கு அடியிலேயே ஓடும், யார் கையும் படாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. கோய் வளர்ப்பவர் வாரந்தோறும் சோதனைக் குப்பியில் குளத்து நீரை எடுத்து நிறம் பார்க்கிறார். ஒரு மீன் சோர்ந்தால் வீடே கூடிவிடுகிறது. அதே வீட்டில் செப்டிக் டேங்க்கைக் கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள் என்று கேளுங்கள். தொட்டியில் சேறு நிறைந்தால் கழிவு தங்கிப் படிய இடமில்லாமல் அப்படியே வெளியே போகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லோரி வரவேண்டும் என்பது அதற்காகத்தான். அந்தச் சேற்றை எந்தச் செடியும் தின்னாது. இதைப் படித்துவிட்டு நீங்களே மூடியைத் திறந்து பார்த்துவிடாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு அதன் நாற்றத்தையே உணராது; ஆளைக் கொன்றுவிடும்.

மாணவி திட்டப்பணியை மாற்றிக்கொண்டார். வடிகட்டிக்குள் போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் அமோனியா, நைட்ரேட் இரண்டையும் ஆறு வாரம் அளக்கிறார். வீட்டில் செப்டிக் டேங்க் பற்றியும் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தெரியவில்லை, தாத்தாவுக்கும் தெரியவில்லை. கடைசியில் மூடியைத் தேடியபோது, அது நீட்டிக் கட்டிய சமையலறையின் தரைக்கு அடியில் இருந்தது. இப்போது சிமெண்டை உடைக்க ஆள் பார்க்கிறார்கள்.