ஆல்பத்தைப் புரட்டிவிட்டுக் கடைக்குப் போங்கள்

காமிரா வாங்குவதைப் பற்றி ஓர் இல்லத்தரசி என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறாள் என்று அன்பர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு சிறிய டிஜிட்டல் காமிரா வாங்குவதற்கு மூன்று வாரம் விவாதம் நடந்தது. அதன் முடிவில் எனக்குத் தெரிந்தது நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2025 தை மாதம் மன்னார்குடியில் அப்பாவுக்கு முத்துவிழா. தில்லி, பம்பாய், பெங்களூர் என்று சிதறிக் கிடக்கும் நாங்கள் எல்லோரும் ஒன்றுகூடும் நாள். அதற்கு நல்ல காமிரா ஒன்று வேண்டும் என்று என் மகள் ஆரம்பித்தாள். அப்பாவோ தொலைபேசியில், "ஏம்மா, ஆளுக்கொரு போன் வச்சிருக்கீங்க, அதுல எடுத்தாப் போதாதா?" என்றார்.

நியாயமான கேள்விதான். இன்றைய நல்ல போன்கள் அருமையாகப் படம் எடுக்கின்றன. பலருக்குத் தனியாகக் காமிராவே தேவையில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசேஷ வீட்டில் என் போனை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நான் பந்திக்குப் போக முடியுமா? பூட்டு, ரகசிய எண், நடுவில் வரும் அழைப்புகள் எல்லாம் இருக்கின்றனவே. காமிரா என்றால் ஊஞ்சலில் வைத்துவிட்டுப் போகலாம். யார் வேண்டுமானாலும் எடுத்து நாலு படம் எடுக்கலாம். அதில் இருப்பது படங்கள் மட்டுமே. "காலை வணக்கம்" செய்திகளோடு கலந்து காணாமல் போகாது. எனவே காமிரா வாங்குவது என்று தீர்மானித்தோம்.

எதை வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. மகள் கேட்டது கேனான் பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 3. என் கணவர் கேட்டது சோனி ஆர்.எக்ஸ்.100 ஏழாவது மாடல். இரண்டும் 2019-ஆம் ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்டவை. அமெரிக்காவில் அப்போதைய விலை கேனானுக்குச் சுமார் 750 டாலர், சோனிக்குச் சுமார் 1,200 டாலர். இங்கேயும் எங்களிடம் சோனிக்குத்தான் கூடுதல் விலை சொன்னார்கள்.

சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி சந்துக்கு ஒரு சனிக்கிழமை மூவரும் போனோம். சந்து முழுக்கக் காமிராக் கடைகள். ஐந்தாறு கடை ஏறி இறங்கிய பிறகே இரண்டும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைத்தன. "பில்லோடு வேண்டுமா, பில் இல்லாமலா?" என்று ஓரிடத்தில் இந்தியில் கேட்டார்கள். பில் இல்லாவிட்டால் விலை குறையும். பழுது பார்க்கும் உத்தரவாதமும் கூடவே போய்விடும். அந்த லாபம் நமக்கு வேண்டாம்.

இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. ஒன்று 304 கிராம், மற்றொன்று 302 கிராம். இரண்டிலும் 20.1 மெகாபிக்சல். மெகாபிக்சல் கூடினால் படம் நன்றாக வரும் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். ஆறுக்கு நாலு அங்குலப் படத்தைத் தெளிவாகப் பிரிண்ட் போட இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம் இருந்தாலே போதும்! அதைவிட முக்கியம் ஒளியை வாங்கும் சில்லின் அளவு. இந்த இரண்டு காமிராக்களிலும் அது 13.2 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் கொண்டது. மலிவான சிறு காமிராக்களில் பெரும்பாலும் இதன் பரப்பில் கால் பங்குதான் இருக்கும். மங்கலான அறையில் அவை எடுக்கும் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் வருவது அதனால்தான்.

இத்தனை ஒற்றுமை இருந்தால் வேறுபாடு எங்கே? லென்ஸில். பழைய ஃபிலிம் காமிராக் கணக்கில் சொன்னால் கேனானில் 24 முதல் 100 மி.மீ. வரை, சோனியில் 24 முதல் 200 வரை. அதாவது தூரத்தில் இருப்பதைச் சோனி இரண்டு மடங்கு கிட்டே இழுக்கும். மேலும் சோனியில் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு ஜன்னல் ஒன்று மேலே எழும்பும். தில்லியின் மே மாத உச்சி வெயிலில் பின்னால் உள்ள திரையில் ஒன்றுமே தெரியாதபோது அதன் அருமை புரியும். கேனானில் அது கிடையாது.

"பார்த்தாயா! குடியரசு தின அணிவகுப்பு, பள்ளிக்கூட ஆண்டுவிழா, எதற்கும் ஆகும்" என்றார் என் கணவர்.

மகள் காட்டியது வேறு எண். ஒளி புகும் துளையின் அளவைக் குறிக்கும் எண் கேனானில் 1.8-இல் தொடங்கி 2.8-இல் முடிகிறது. சோனியில் 2.8-இல் தொடங்கி 4.5-இல் முடிகிறது. இந்த எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது என்று பொருள். கணக்குப் போட்டால், ஜூம் செய்யாத நிலையில் கேனான் ஏறக்குறைய 2.4 மடங்கு அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. இரண்டு பேர் சொல்வதும் சரிதான். வழக்கம்போல் முடிவு என் தலையில் விழுந்தது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினோம்.

அன்றிரவு பரண்மேல் இருந்த ஆல்பங்களை இறக்கினேன். நான் 1994-இல் கல்யாணமாகித் தில்லிக்கு வந்தவள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து ஊருக்குப் போகும்போது ஒரு ஃபிலிம் ரோல் வாங்கிக்கொண்டு போவோம். 36 படம், எண்ணி எண்ணித்தான் எடுப்போம். நாங்கள் உண்மையில் எதைப் படம் எடுத்திருக்கிறோம் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன்.

தூரத்திலிருந்து எடுத்த படங்கள் மிகச் சில: ராஜகோபாலசுவாமி கோயில் கோபுரம், தெப்பக்குளம், ஒரு தேர். மற்றதெல்லாம் ஐந்தடி, ஆறடி தூரத்தில், கூடத்திலும் திண்ணையிலும் எடுத்தவை. பகலில் எடுத்தது குறைவு, விளக்கு வைத்த பிறகு எடுத்ததே அதிகம். ஃப்ளாஷ் போட்டவற்றில் முகங்கள் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தன. பின்னால் ஒரே இருட்டு.

பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் அம்மா இருந்தது பதினொன்றே ஒன்றில்தான். எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்ட நேரமெல்லாம் அம்மா அடுப்படியில் இருந்திருக்கிறாள். அடுப்படியில் வைத்து எடுத்தது ஒரே ஒரு படம். ஒற்றைக் குண்டு பல்பின் வெளிச்சம், புகை, தோசைக்கல்லின் மேல் ஒரு கை. அந்தக் கை கலங்கலாக இருக்கிறது. முகமும் அப்படியே. அம்மா 2016-இல் போய்விட்டாள். இனி அதைத் திருத்தி எடுக்க வழியில்லை.

அந்தப் படம் ஏன் அப்படிக் கலங்கியது என்று மகளைக் கேட்டேன். வெளிச்சம் குறைந்தால் காமிரா நெடுநேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அதற்குள் ஆள் அசைந்தால் உருவம் இழுபட்டுவிடும் என்றாள். ஒரே இடத்தில் சோனிக்கு ஒரு விநாடியில் 15-இல் ஒரு பங்கு தேவைப்பட்டால் கேனானுக்கு 36-இல் ஒரு பங்கு போதும். படம் எடுப்பவரின் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இரண்டிலும் உண்டு. ஆனால் தோசை திருப்புகிற கையை எந்தக் காமிராவும் பிடித்து நிறுத்தாது.

மறுநாளே கேனான் என்று சொல்லிவிட்டேன். என் கணவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

இதனால் சோனி மட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடையில் ஆடும் பேத்தியைக் கடைசி வரிசையிலிருந்து எடுப்பவர்களுக்கும், வெயிலில் ஊர் சுற்றுபவர்களுக்கும் அதுதான் ஏற்றது. என்னைக் கேட்டால், இரண்டு காமிராக்களை ஒப்பிடுவதற்கு முன்னால் நம் ஆல்பத்தை ஒப்பிட வேண்டும். நாம் எடுத்த படங்கள் எவை, எடுக்கத் தவறியவை எவை என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் தரும் அட்டையில் அந்தக் கணக்கு இருக்காது. வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் ஊரைப் பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, தவறிய படம் பெரும்பாலும் தவறியதுதான்.

கடைக்குப் போகும்போது ஒரு மெமரி கார்டை எடுத்துச் செல்லுங்கள். கடை வாசலில் நின்று எடுத்தால் எல்லாக் காமிராவும் நல்ல காமிராதான். மேசைக்கு அடியில் இருட்டாக உள்ள இடத்தை இரண்டிலும் எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். உபரியாக ஒரு பாட்டரியும் வாங்குங்கள். ஒருமுறை சார்ஜ் செய்தால் கேனானுக்கு 235 படம், சோனிக்கு 260 படம் என்பதே கணக்கு. கல்யாண வீட்டுக்கு அது காணாது.

முத்துவிழா அன்று விடியற்காலை நாலரை மணிக்கு அடுப்படிக்குப் போனேன். அண்ணி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். "என்னைப் போய் எதுக்கு எடுக்கற? போ, போய் மாமாவை எடு" என்று சிரித்தார். மாமாவை எடுக்கப் பத்துப் பேர் இருந்தார்கள். அண்ணியை எடுத்துவிட்டுத்தான் வந்தேன். அந்தப் படத்தை எட்டுக்கு ஆறில் பிரிண்ட் போட்டு மன்னார்குடிக்கு அனுப்பியிருக்கிறேன். கை கலங்கவில்லை. கரண்டியிலிருந்து மாவு விழுவதுகூடத் தெரிகிறது.