குளிர்காலத்துக்கு முன் தீயணைப்பு வசதிகள் கோரும் மனு

நாள்: 03.11.2025
மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் அளிக்கப்படுகிறது

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
1. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.
2. இயக்குநர் அவர்கள், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, சென்னை.

பொருள்: குளிர்கால அவசர அழைப்புகளைச் சமாளிக்க எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கு மலைக்கேற்ற சிறிய வண்டியும் கருவிகளும் வழங்கவும், விழிப்புணர்வுப் பணிகளை நவம்பரிலேயே தொடங்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இம்மனு எங்கள் தீயணைப்பு நிலையத்தார் மீது குறை சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம். 101க்கு அழைத்தால் அவர்கள் வருகிறார்கள். மூடுபனியில் பத்தடி தூரம் தெரியாத இரவிலும் வருகிறார்கள். சாலையில் கற்பூர மரம் சாய்ந்தாலும், சமையலறைக்குள் பாம்பு நுழைந்தாலும், காட்டுமாட்டுக் கன்று தொட்டிக்குள் விழுந்தாலும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் அவர்கள்தாம். எங்கள் மனக்குறை வேறு. மலையில் வேலை செய்யும் இவர்கள் சமவெளிக்கென வகுத்த நாட்காட்டியையும், சமவெளிச் சாலைக்கென வடித்த வண்டியையும் வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டியிருக்கிறது.

நாட்காட்டியைப் பற்றி முதலில். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக வைத்த வாரம் அது. அதை மாற்றச் சொல்ல நாங்கள் யார்? நிலையத்தார் அந்த வாரத்தில் பள்ளிக்கு வந்து, எரியும் சிலிண்டர் மீது ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுவதைப் பிள்ளைகள் வீட்டில் வந்து வாய் ஓயாமல் சொல்வதும் உண்டு. ஆனால் ஏப்ரலில் இங்கே கோடை மழை தொடங்கிவிடும். சுற்றுலாப் பயணிகள் வந்து குவிவார்கள். எங்கள் ஆபத்துக் காலம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். எங்களுக்கு அது வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபரில் தொடங்கி, உறைபனியில் முற்றி, மார்ச் மாதக் காட்டுத் தீயில் போய் முடிகிறது.

2009 நவம்பரில் ஒரே நாளில் கேத்தியில் 82 செ.மீ. மழை கொட்டி, மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது இந்த மாவட்டம் மறக்காத செய்தி. அதன் பிறகு நிர்வாகம் அபாயப் பகுதிகளைக் கணக்கெடுத்தது, மண்டலக் குழுக்களை அமைத்தது, ஒத்திகைகளை நடத்துகிறது. மழைக்கான ஆயத்தம் குறித்து நாங்கள் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மழை ஓய்ந்தபின் வருவதைத்தான் யாரும் பேரிடர் என்று எண்ணுவதில்லை.

மழை நின்றதும் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும். தேயிலைச் செடி கருகாமலிருக்கக் கோத்தகிரி மலார் என்னும் செடியை வெட்டிவந்து போர்த்துகிறோம். மனிதர்களுக்கோ கரி அடுப்பு. பகலெல்லாம் வெளியே எரிந்து புகை அடங்கிய கரியை இரவில் அறைக்குள் எடுத்து வைத்து, குளிர்காற்று வராமல் கதவையும் சன்னலையும் அடைத்து, இடுக்குகளில் துணியையும் திணித்துவிட்டுப் படுக்கிறார்கள். புகை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பதுதான் இதில் உள்ள பெரிய பிழை. காற்றுக் குறைந்த அறையில் கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், பிறகு அயர்வு. அயர்வை உறக்கம் என்று எண்ணியவர் எழுவதில்லை.

தோட்டத்து லைன் வீடுகளில் இன்று வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தக் குளிர் புதிது. நம் மொழியும் புதிது. தங்கும் விடுதிக்கு வரும் சுற்றுலாப் பயணியோ வெளியே கேம்ப் ஃபயர் முடிந்ததும் மீந்த கனலை அறைக்குள் கொண்டுபோகிறார். இத்தகைய சாவுகள் நீலகிரிக்குப் புதியவை அல்ல. ஒவ்வொரு முறையும் செய்தி வருகிறது, இரண்டு நாள் பேசுகிறோம், மூன்றாம் நாள் கரி மூட்டை வாங்கக் கடைக்குப் போகிறோம். எங்கள் உறுப்பினர் வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை பணம் அதிகம் கேட்பதல்ல. தீத்தொண்டு வாரம் ஏப்ரலில் இருக்கட்டும். அதோடு நீலகிரிக்கென்று தனியாக, நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு குளிர்காலப் பாதுகாப்பு வாரம் அறிவிக்க வேண்டும். நிலையத்தார் பள்ளிகளோடு நிற்காமல் லைன் வீடுகளுக்கும் படகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் மாலை வேளையில், ஆட்கள் வேலை முடிந்து திரும்பியபின், சென்று செய்துகாட்ட வாய்ப்பளிக்க வேண்டும். துண்டறிக்கை தமிழோடு இந்தி, மலையாளம், கன்னடத்திலும் வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படமே போதும். விடுதி அறைகளில் கரி அடுப்பு வைப்பதைத் தடுத்து ஆட்சியர் அவர்கள் ஆணை பிறப்பிக்கவும், அறைக்கதவின் உட்புறம் எச்சரிக்கை ஒட்டுவதை உரிமப் புதுப்பித்தலுக்கு நிபந்தனையாக்கவும் வேண்டுகிறோம். மூடிய அறைக்குள் முதலில் நுழையும் வீரருக்கு வாயுவை அளக்கும் கருவியும் மூச்சுக் கருவியும் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். காப்பாற்றப் போனவரை நாங்கள் சுமந்துவரும் நிலை வேண்டாம்.

அடுத்தது வண்டி. ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரைச் சுமக்கும் பெரிய வண்டி எங்கள் ஊரில் பிரதான சாலையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே படிக்கட்டுதான். கடந்த குளிர்காலத்தில் மின்கசிவால் எங்கள் குடியிருப்பில் ஒரு வீடு பற்றியபோது வண்டி தாமதமின்றி வந்தது. வந்து மேலேயே நின்றது. வீரர்கள் குழாயை ஒன்றோடொன்று இணைத்துப் படியில் இறக்குவதற்குள் நாங்கள் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தோம். தீ அணைந்தது. கூரை போனது. அந்த வீட்டுக்காரர் இன்றுவரை நிலையத்தாரைக் குறை சொல்லவில்லை, படியைத்தான் சொல்கிறார்.

2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பச்சத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் பயணம் செய்த ஹெலிகாப்டர் விழுந்தபோது நாடே பார்த்ததும் இதைத்தான். சம்பவ இடம்வரை வண்டி போக வழியில்லை. ஊர்மக்கள் வீட்டிலிருந்த குடங்களில் தண்ணீரும், காயம்பட்டவர்களைத் தூக்கக் கம்பளிப் போர்வைகளும் கொண்டு ஓடினார்கள். பின்னர் அவர்களுக்குப் பாராட்டுகள் கிடைத்தன; மகிழ்ச்சி. ஆனால் குடமும் போர்வையும் இந்த மலையின் நிரந்தர மீட்புக் கருவிகளாக இருக்கலாகாது என்பதே எங்கள் கருத்து.

எனவே குறுகிய சாலைக்கேற்ற சிறிய தண்ணீர் வண்டி ஒன்றை எங்கள் நிலையத்துக்கு ஒதுக்க வேண்டும். தோளில் சுமந்து இறக்கக்கூடிய சிறு பம்பும், ஓடையிலும் தொட்டியிலும் மிதக்கவிட்டு நீர் இறைக்கும் பம்பும் வேண்டும். படிக்கட்டுக் குடியிருப்புகளில் குடிநீர்த் தொட்டியை ஒட்டி, வீரர்கள் குழாய் மாட்டக்கூடிய இணைப்பு ஒன்று அமைக்க நகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் அறிவுறுத்த வேண்டும். இந்த இணைப்புக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைச் சங்கம் ஏற்கத் தயார். இதற்குப் பொதுக்குழுவில் ஒப்புதல் பெற்றிருக்கிறோம்.

காட்டுத் தீயைப் பற்றியும் ஒரு சொல். உறைபனியில் கருகிய புல் ஜனவரிக்கு மேல் தீக்குச்சிக்காகக் காத்திருக்கும். 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டில் பற்றிய தீயை அணைக்க விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வாளி தொங்கவிட்டுத் தண்ணீர் கொட்ட வேண்டியதாயிற்று. வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது. ஆனால் குடியிருப்பும் காடும் ஒட்டும் இடம் எந்தத் துறைக்குச் சொந்தம் என்பது தீப்பிடித்த பிறகுதான் பேச்சுக்கு வருகிறது. வனத்துறை, தீயணைப்புத் துறை, ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த ஓரங்களை டிசம்பரிலேயே நடந்து பார்க்க ஒரு நாள் குறித்துத் தந்தால் போதும். அரிவாளோடு நாங்கள் வருகிறோம்.

பேரிடர் மீட்புத் தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா திட்டத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் எங்கள் பகுதியிலும் இருக்கிறார்கள். பயிற்சி முடிந்ததோடு தொடர்பும் முடிந்துவிட்டது. மாதம் ஒரு ஞாயிறு அவர்களை நிலையத்தில் கூட்டி, குழாய் இணைக்கவும் முதலுதவி செய்யவும் கை பழக்க வேண்டும். ஊருக்கு ஒரு பெட்டியில் கயிறு, மரம் அறுக்கும் ரம்பம், டார்ச், ஸ்ட்ரெச்சர் வைக்க வேண்டும். பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுத்தில் குறித்துவிட வேண்டுகிறோம். பூட்டிய பெட்டியைச் சுற்றிச் சாவி தேடிய அனுபவம் எங்களுக்கு உண்டு. வீரர்களுக்கு ஈரமும் குளிரும் தாங்கும் உடையும், இரவுப் பணியில் இருப்போருக்குச் சுடுநீர் வசதியுடன் ஓய்வறையும், வண்டிகளுக்கு மூடுபனி விளக்கும் வழங்க வேண்டும் என்பதை அவர்கள் கேட்காமலேயே நாங்கள் கேட்கிறோம். காலிப் பணியிடம் இருப்பின் குளிர்காலம் முடியும்வரையாவது மாற்றுப்பணியில் ஆள் அனுப்ப வேண்டும்.

இவற்றில் வண்டிக்கும் பம்புக்கும் நிதி ஒதுக்கீடு வேண்டும், காலம் பிடிக்கும் என்பதை அறிவோம். ஆனால் குளிர்காலப் பாதுகாப்பு வாரத்துக்கும், விடுதிகளுக்கான ஆணைக்கும், இளைஞர் பயிற்சிக்கும் தங்கள் கையொப்பம் ஒன்றே போதும். டிசம்பர் பிறந்தால் கரி அடுப்பு வீட்டுக்குள் வந்துவிடும். அதற்கு முன் அந்த மூன்றின் மீதும் ஆணை பிறப்பித்து, எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் / செயலாளர் / பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்

இணைப்பு: உறுப்பினர்கள் கையொப்பப் பட்டியல்; பொதுக்குழுத் தீர்மான நகல்.

நகல்: மாவட்ட அலுவலர், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, நீலகிரி, மாவட்ட வன அலுவலர், நீலகிரி வனக்கோட்டம், நகராட்சி ஆணையர், குன்னூர்.