இருமும் ஆற்றல்

இருமலை நாம் நோயென்றே எண்ணி வெறுக்கின்றோம். அது நுரையீரலின் காவலன் என்பதை மறந்துவிடுகின்றோம். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் சிதைந்தால், மூளையின் கட்டளை வயிற்றுத் தசைகளையும் விலாத் தசைகளையும் சென்றடைவதில்லை. இருமும் ஆற்றல் குன்றுகிறது, சளி தேங்குகிறது, நுரையீரல் அழற்சி உயிரையே பறிக்கக்கூடும். ஆதலின், சளியை உறிஞ்சியெடுக்க நள்ளிரவிலும் ஒருவர் அருகிலிருத்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரில் மருத்துவர் அந்தோணி டிமார்கோவும் அவர்தம் குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டனர். முதுகின் கீழ்ப்பாதியில், தண்டுவடத்தை ஒட்டி மின்முனைகளைப் பொருத்தினர். பொத்தானை அழுத்தியதும் மின்துடிப்பு பாய்ந்தது. செயலற்றிருந்த தசைகள் சுருங்கின. வலிய இருமல் எழுந்தது. 2009-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு இதனை எடுத்துக்காட்டியது.

“இதனால் நோயாளி எழுந்து நடப்பாரோ?” எனச் சிலர் வினவலாம். நடக்கமாட்டார். ஆயினும், ஒவ்வோர் இருமலுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை பெரிதும் குறையும். முழு நலம் தராத மருத்துவம் பயனற்றது என்பது நலமுடையோர் பேசும் வாதம். தானே இருமுவதும் விடுதலையே அன்றோ? அவ்விடுதலை பொருளுடையோர்க்கு மட்டுமன்றி எல்லார்க்கும் எட்டுமாறு செய்வதே அறிவியலுக்கு அழகு.