வென்றவரும் இடம் தரவேண்டும்

ஒரு துறையில் உச்சியைத் தொட்டவரைக் கண்டு, அத்துறைக்குள் அடியெடுத்து வைப்பது இளமையின் இயல்பு. நம் தோல் தொழிற்பகுதியில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. பதனிடும் கூடத்தில் முதிர்ந்த மேஸ்திரி ஒருவர் தோலை விரலால் தடவியே அதன் பதத்தைச் சொல்லிவிடுவார். புதிதாய் வேலைக்கு வந்த இளைஞன் அருகில் நின்று, அவர் கை செல்லும் வழியைக் கண்ணால் பற்றிக்கொள்கிறான். அவர் அவனை அருகில் நிற்க விட்டால்தான் அத்தொழில் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

இன்று நெமிலியிலிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர் பலரின் கண்கள் கைப்பேசித் திரையில் பதிந்திருக்கக் காண்கிறோம். அதில் விளையாடுவோரும், பிறர் விளையாடுவதைப் பார்த்திருப்போரும் உளர். அவர்களுக்கும் நாயகர்கள் இருக்கிறார்கள். அந்நாயகர்கள் நம் பிள்ளைகளுக்கு என்ன கற்றுத் தருகிறார்கள் என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழையும் வினா.

இவ்விளையாட்டுகளுள் சண்டை விளையாட்டு என்பது ஒருவகை. இருவர் எதிரெதிராக அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தைத் தேர்ந்து, திரையில் மோதவிடுவர். ஜப்பானில் 1991இல் வெளியான 'ஸ்டிரீட் ஃபைட்டர் 2', 1994இல் வெளியான 'டெக்கன்' ஆகியவை இவற்றுள் புகழ்பெற்றவை. இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி: 2023இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஸ்டிரீட் ஃபைட்டர் பதக்கத்துக்குரிய ஆட்டமாகவே இடம்பெற்றது; இந்திய வீரர்களும் அதில் களம் கண்டனர்.

இவ்விளையாட்டு காசு போட்டு ஆடும் வீடியோ கேம் கடைகளில் வளர்ந்தது. வென்றவர் நாற்காலியில் நீடிப்பார். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் தருவார். ஆகவே, நேற்று வந்த சிறுவனும் அவ்வூரின் முதல்வனோடு நேருக்கு நேர் அமரும் வாய்ப்பு அதில் இயல்பாகவே அமைந்தது. இன்றும் அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் 'ஈவோ' என்னும் பெரும்போட்டியில் நுழைவுக் கட்டணம் செலுத்திய எவரும் கலந்துகொள்ளலாம். முதற்சுற்றிலேயே உலக வெற்றியாளரை எதிர்கொள்ளவும் நேரலாம்.

இவ்வுலகில் 2019ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று நம் சிந்தனைக்குரியது. பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸலான் சித்தீக் என்னும் இளைஞர், விசாத் தடைகளையும் பயணத் தடங்கல்களையும் கடந்து ஜப்பான் சென்று, அங்கு நடந்த 'ஈவோ ஜப்பான்' போட்டியில் டெக்கன் பட்டத்தை வென்றார். அதுவரை அவர் பெயரை உலகம் அறியாது. வென்றபின் அவர் தம் பெருமை பேசி அமையவில்லை. தம் நாட்டில் தம்மைப் போன்ற வலிய ஆட்டக்காரர்கள் இன்னும் இருக்கின்றனர் என்று எடுத்துரைத்தார். புகழின் ஒளி தம்மீது விழுந்த கணத்திலேயே அதனைத் தம் தோழர்கள் பக்கம் திருப்பிவிட்ட செயல் இது.

அதனைக் கேட்ட கொரிய நாட்டின் பே ஜே-மின் என்பார் செய்தது அதனினும் வியப்புக்குரியது. 'நீ' என்ற பட்டப்பெயரால் உலகம் அறிந்த அவர், டெக்கன் விளையாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் பல்லாண்டு போற்றப்பட்டவர். அத்தகையவர் பாகிஸ்தானுக்கே நேரில் சென்று, பெயரறியா இளைஞர்களோடு அமர்ந்து ஆடினார். பல ஆட்டங்களில் தோற்கவும் செய்தார். தோல்வியைக் கண்டு நாணாமல், கற்கச் சென்ற மாணவராகவே அவர் அமர்ந்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் நகரில் ஈவோ இறுதியாட்டத்தில் அவ்விருவருமே எதிரெதிரே நின்றனர், அர்ஸலான் வென்றார். 2023இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த டெக்கன் உலகச் சுற்றின் இறுதிப் பட்டத்தை மற்றொரு பாகிஸ்தான் இளைஞரான ஆதிஃப் பட் வென்றபோது, அர்ஸலான் அன்று சொன்ன சொல் வெறும் பணிவுரையன்று என்பது உறுதியாயிற்று.

ஆயின் நாயகர்தம் செல்வாக்கு எப்போதும் நன்மையே பயக்கும் எனக் கூறுதற்கில்லை. புதியவர் பலர் நாயகர் தேர்ந்த பாத்திரத்தைத் தாமும் தேர்கின்றனர்; அவர்தம் நடையுடையையும் மேற்கொள்கின்றனர். அவர் ஒரே அசைவை ஆயிரம் முறை பழகியதும், ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் பிழையைத் தேடியதும் இவர்தம் கண்ணில் படுவதில்லை. நாயகர் எதிரியை எள்ளினால் அவ்வெள்ளலே முதலில் பரவுகிறது. பயிற்சி பரவப் பல்லாண்டு ஆகிறது. மல்லுக்கட்டி வீழ்த்துபவரைவிடச் சினம் எழும்போது தம்மை அடக்குபவரே வலியவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய நெறி. திரையில் ஆடும் ஆட்டத்துக்கும் அது பொருந்தும். மேலும், ஒருவர் வென்ற பரிசுத்தொகையை எண்ணிப் படிப்பைக் கைவிடத் துணியும் மாணவர், பரிசின்றித் திரும்பிய பல நூறு பேரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் தமிழகத்திலும் நல்ல சான்றுகள் உள. 1988இல் இந்தியாவின் முதல் சதுரங்கக் கிராண்ட் மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த், 2020இல் தொடங்கப்பட்ட பயிற்சிக் கழகத்தின் வழியே இளையோரை வழிநடத்தினார். அவர்களுள் ஒருவரான குகேஷ் 2023இல் தரவரிசைப் புள்ளிகளில் ஆனந்தையே முந்தினார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். தம் இடத்தைத் தாமே வளர்த்த பிள்ளை பெறுவதைக் கண்டு மகிழும் உள்ளம் எத்துணைப் பெரிது!

கேரம் ஆட்டத்தில் சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்று, 1996இல் அர்ஜுனா விருதும் பெற்றார். அவ்வழியில் பின்வந்த இளையோருள் ஒருவரான காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகள். அவர் 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். அவரைக் கண்டு நம் பெண்மக்களும் கேரம் பலகையருகே அமர்ந்தால் அதுவே அவ்வெற்றியின் நான்காவது தங்கம் எனலாம்.

ஆகவே, நாம் வேண்டுவன சில. மாணவர்கள் தம் நாயகரிடம் எத்தனைக் கோப்பை என்று கேட்பதோடு நில்லாது, தோற்ற நாளில் அவர் என்ன செய்தார் என்றும் கேட்டறிதல் நன்று. பெரியவர்கள் கைப்பேசியைப் பறிப்பதற்கு முன், "யாரைப் பார்த்து விளையாடுகிறாய், தம்பி? அவரிடம் எதைக் கற்றாய்?" என்று ஒருமுறை வினவலாம். கல்லூரிகளும் ஒன்றைச் செய்யலாம். விளையாட்டு விழாவுக்கு வெற்றியாளர் ஒருவரை அழைத்தால், பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். அவ்வாறு அனுப்பிவிடாமல், முதலாண்டு மாணவ மாணவியரோடு ஒரு மணி நேரம் ஆட்டப் பலகையருகே அவரை அமரச் செய்வோம். மேடையில் ஆற்றும் உரையைவிட அந்த ஒரு மணி நேரமே பிள்ளைகள் நெஞ்சில் நிலைத்திருக்கும்.

தோற்றவர் எழுந்து இடம் தருவது விளையாட்டின் விதி. வென்றவரும் சற்றே நகர்ந்து புதியவருக்கு இடம் தருவாராயின் அது பண்பாடு. அத்தகையோரையே நம் இளைஞர் நாயகராகக் கொள்வார்களாக!